வீட்டிலே உத்தியோகம்

வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்கும் வழக்கம் 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பின் நம் குடும்பங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. "பிள்ளையாண்டான் இன்றும் வேலைக்குப் போகவில்லையா?" என்று கேட்கும் அடுத்த வீட்டுப் பாட்டிக்குப் பதில் சொல்லி அலுத்த தாய்மார்கள் பலர். பாட்டியின் கேள்வி அசட்டுக் கேள்வி அன்று. வேலை செய்வது வேறு; வேலைக்குப் போவது வேறு. போவதை நிறுத்தினால் எதை இழக்கிறோம் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சீன தேசத்தில் ஷாங்காய் நகரிலுள்ள ஸீடிரிப் என்னும் பிரயாணக் கம்பெனி, 2010-ஆம் வருஷக் கடைசியில் இதைப் பரீட்சை செய்யத் தொடங்கியது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த நிகோலஸ் புளூம் முதலியோர் அதை ஆராய்ந்தார்கள். விருப்பம் தெரிவித்த சிப்பந்திகளில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலும், மற்றவர்கள் எப்போதும்போல் காரியாலயத்திலும், 9 மாதம் வேலை செய்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் அதிகமாயிற்று. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது.

ஆயினும், திறமைக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. பரீட்சை முடிந்து, "இனி உங்கள் இஷ்டம்" என்று கம்பெனி சொன்னபோது, அவர்களில் சுமார் பாதிப் பேர் காரியாலயத்துக்கே திரும்பினார்கள். தனிமையே அவர்கள் கூறிய முக்கியமான காரணம்.

அமெரிக்காவில் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் 61,000-க்கு மேற்பட்ட சிப்பந்திகளைப் பற்றி 2021-இல் வெளியான ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போனபின், வேறு பிரிவினருடன் கலந்து வேலை செய்யும் நேரத்தின் பங்கு சுமார் 25 சதவிகிதம் குறைந்தது. நெருங்கிய சகாக்களோடு பேச்சு நிற்கவில்லை. தூரத்துப் பழக்கமே குறைந்துபோயிற்று. புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் பெரும்பாலும் அந்தத் தூரத்துப் பழக்கத்தின் மூலம் வருகிறவை. பத்து வருஷம் பழகியவருக்கு இதனால் நஷ்டம் சொற்பம். நேற்று வேலையில் சேர்ந்த வாலிபனுக்கோ முதலே நஷ்டம்!

தேக நலமும் அப்படியே. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷமாவது உடம்புக்கு மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடப்பவருக்கு அதில் ஒரு பங்கு தானாகவே கிடைத்துவிடும். கட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் பத்தடி தூரமே உள்ளவர், அதைத் தாமாகத் தேடிக்கொண்டாலொழியக் கிடையாது.

வீட்டிலே தொழில் செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. கைத்தறிக்காரர் வீட்டிலேதான் நெய்தார். ஆனால் பாவு விரிப்பதற்குத் தெருவுக்கு வந்தார். அங்கே அண்டை அயலார் கை கொடுத்தார்கள். கஞ்சியிடும் வேலையோடு ஊர்ச் செய்தியும் தொழில் நுட்பமும் கைமாறின. தறி வீட்டில், பாவு தெருவில் என்ற அந்த ஏற்பாட்டில் விவேகம் இருந்தது.

அதே சீனக் கம்பெனி 2021-22-இல் 1,600-க்கு மேற்பட்டவர்களிடம் வேறொரு பரீட்சை செய்தது. அவர்களில் ஒரு பாதியினர் வாரத்தில் 2 நாள் வீட்டிலும் 3 நாள் காரியாலயத்திலும் இருந்தார்கள். 2024-இல் வெளியான முடிவின்படி, விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்வுக்கும் பங்கமில்லை.

ஆகவே, வீட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளையும் பெண்களையும் பெற்றவர்கள் ஒன்று செய்யலாம். மாலையானதும் கதவைத் திறந்து, "கொஞ்சம் வெளியே போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பலாம். அதுவும் உத்தியோகத்தில் ஒரு பகுதிதான்.