ஜூலியட் ஏன் சொல்லவில்லை?

'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேருகிறது. பெரும்பாலும் அதைக் கேட்பவள், வருஷம் முழுவதும் வாய் திறவாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்தான். "ஸார், எனக்குக் கலியாணம் ஆகிவிட்டது என்று ஜூலியட் தன் தகப்பனாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை சாவும் நேர்ந்திராதே! ஏன் சொல்லவில்லை?" முதல் தடவை இக்கேள்வி வந்தபோது, "சொல்லியிருந்தால் நாடகம் ஏது?" என்று சிரித்து மழுப்பினோம். நல்ல வேளையாக மணியும் அடித்தது. ஆனால் அது பதிலல்ல என்பது அப்பெண்ணுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. அன்றிரவே புஸ்தகத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடியும் படித்தோம்.

கதை நேயர்கள் அறிந்ததே. இத்தாலி தேசத்து வெரோனா நகரில் காபுலெட், மாண்டேகு என்ற இரு பெருங் குடும்பங்களுக்குள் பழம் பகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விருந்தில் மாண்டேகு வீட்டுப் பிள்ளை ரோமியோவும் காபுலெட் வீட்டுப் பெண் ஜூலியட்டும் சந்திக்கிறார்கள். திங்கட்கிழமை பிற்பகல் லாரன்ஸ் பாதிரியாரின் அறையில் ரகசியமாக விவாகம் செய்துகொள்கிறார்கள். அதே தினம் தெருவில் மூண்ட சண்டையில், ஜூலியட்டின் தாய்மாமன் மகனான டிபால்ட்டை ரோமியோ கொன்று, நாடு கடத்தப்படுகிறான். அந்த வாரம் முடிவதற்குள் இருவரும் ஒரே கல்லறையில் கிடக்கிறார்கள்.

இந்தக் கதை ஷேக்ஸ்பியர் தாமாகக் கற்பனை செய்ததல்ல. ஆர்தர் புரூக் என்பவர் 1562-ல் இதை நீண்ட ஆங்கிலக் கவிதையாக எழுதியிருந்தார். அதில் கதாநாயகிக்குப் பதினாறு வயது இருக்கும். கதை பல மாதங்கள் நடக்கிறது. பெரியோர் சொல்லைத் தட்டிய பிள்ளைகளுக்கு இந்தக் கதிதான் என்று புரூக் முகவுரையில் கண்டித்தும் வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் அந்தக் கண்டனத்தை எடுத்தெறிந்துவிட்டார். மாதங்களைச் சில நாட்களாகச் சுருக்கினார். பெண்ணின் வயதையும் குறைத்தார். நாடகத்து ஜூலியட்டுக்குப் பதினான்கு நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்குமேல் இருக்கிறது.

அக்காலத்தில் அது சகஜம்தானே என்று சிலர் எண்ணக்கூடும். சகஜமல்ல. இங்கிலாந்தில் அந்நாளில் பெண்கள் பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல்தான் மணம் புரிந்தார்கள். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கே கலியாணத்தின்போது வயது இருபத்தாறு, அவருக்குத்தான் பதினெட்டு! 1582-ல் நடந்த அந்த விவாகமும் அவசர விவாகமே. கோயிலில் மூன்று முறை வாசிக்க வேண்டிய அறிவிப்பை ஒரே முறை வாசித்து முடிக்க விசேஷ அநுமதி பெற்றார்கள். அடுத்த மே மாதமே முதற் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. ஆகவே அவசரக் கலியாணம் என்றால் என்ன என்பது மகாகவிக்குத் தெரியாத சங்கதியல்ல.

ரகசியக் கலியாணம் என்றதும் ஏதோ குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடவும் கூடாது. அந்நாளைய இங்கிலாந்தில், "உன்னை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருவரும் நேருக்கு நேர் சொல்லிவிட்டாலே விவாகம் கட்டுப்படுத்தும். முறை தவறியதற்காகத் திருச்சபை தண்டனை விதிக்கலாம். ஆனால் கலியாணம் செல்லாது என்று சொல்லாது. இதை மாற்றிய சட்டம் 1753-ல்தான் வந்தது. எனவே ஜூலியட் இரண்டாவதாக ஒருவனுக்கு மாலையிட்டால் அது பாவம். அவள் அறிந்த தர்மப்படி மகா பாவம்.

சரி, தகப்பனாரிடம் சொன்னால் என்ன ஆகும்? உண்மையாகவே சொன்ன ஒருவர் கதை இருக்கிறது. ஜான் டன் என்ற கவிஞர், நாடகம் தோன்றிச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1601 டிசம்பரில் ஆன் மோர் என்ற இளம் பெண்ணை ரகசியமாக மணந்தார். அடுத்த பிப்ரவரியில் மாமனாருக்குப் பணிவாகக் கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். உத்தியோகம் போயிற்று, சிறைக்கும் போனார். மணம் செய்துவைத்த பாதிரியாரும், உடனிருந்த நண்பரும்கூடச் சிறைப்பட்டார்கள். விவாகம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் மாமனாரின் மனம் இளக ஆண்டுகள் பல பிடித்தன. அந்த இரு குடும்பங்களுக்கு நடுவே பகையோ கொலையோ ஒன்றுமில்லை என்பதை நேயர்கள் மறக்கக்கூடாது.

இளம் பிள்ளைகளின் அவசரமே இந்நாடகத்தின் விபரீதத்துக்குக் காரணம் என்று பரீட்சை விடைத்தாள்களில் வருஷந்தோறும் படித்து நமக்கு அலுத்துவிட்டது. அவசரம் உண்டு, இல்லை என்பாரில்லை. ஆனால் அதை முதலில் உணர்ந்து சொல்பவளே ஜூலியட்தான். நிலா வெளிச்சத்தில் மாடத்தில் நின்று, இது மின்னலைப் போல் மிகத் திடீரென்று வந்துவிட்டதே என்று அஞ்சுகிறாள். அவன் ஆசை மொழிகளில் மிதக்கும்போது, கலியாண எண்ணம் உண்டானால் நாளைக்கே ஆள் மூலம் இடமும் நேரமும் தெரிவி என்று காரியத்துக்கு வருகிறவளும் அவளே.

பெரியவர்களைப் பாருங்கள். நாடகத்தின் தொடக்கத்தில் பாரிஸ் பிரபு பெண் கேட்டு வந்தபோது, இன்னும் இரண்டு கோடை கழியட்டும், அவள் மனத்தை நீரே வென்றுகொள்ளும், அவள் சம்மதம்தான் முக்கியம் என்று காபுலெட் சொன்னார். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! டிபால்ட் மாண்ட அன்றிரவே, மகளை ஒரு வார்த்தை கேளாமல், வியாழக்கிழமை முகூர்த்தம் என்று நிச்சயம் செய்கிறவரும் அவரே. பிறகு உற்சாகம் மேலிட்டு அதைப் புதன்கிழமைக்கு முன்னே தள்ளுகிறார். அந்த ஒரு நாள்தான் பாதிரியாரின் ஏற்பாடு முழுவதையும் நெருக்கிவிடுகிறது.

அப்பெண்ணின் கேள்விக்கு விடை மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் இருக்கிறது. விடியற்காலையில் ரோமியோ நூலேணி வழியாக இறங்கிப் போனவுடன் தாய் வருகிறாள். டிபால்ட்டைக் கொன்றவனுக்கு மாந்துவாவில் ஆள் வைத்து விஷம் கொடுக்கப்போவதாக மகளிடமே சொல்கிறாள். பிறகு அதே மூச்சில் கலியாணச் செய்தி. இந்த நிலையில், "அவனே என் கணவன்" என்று சொல்வது ரோமியோவின் உயிருக்கு உலை வைப்பதாகும். ஜூலியட் மணமே வேண்டாம் என்கிறாள். தந்தை வருகிறார். முதலில் கேலி, பிறகு வசை, பிறகு கை துறுதுறுக்கிறது என்கிறார். வர மறுத்தால் கோயிலுக்கு இழுத்துச் செல்வேன், தெருவில் பிச்சையெடுத்துச் சாகலாம் என்கிறார். அவள் மண்டியிட்டு, பொறுமையுடன் ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள் என்று இறைஞ்சுகிறாள். அந்த வார்த்தை எதுவாக இருந்திருக்கும்? நமக்குத் தெரியாது, அவர் பேச விடவில்லை. தாயின் பக்கம் திரும்புகிறாள். என்னோடு பேசாதே என்று அவளும் போய்விடுகிறாள்.

மீதி நிற்பவள் வளர்த்த தாதி. இவ்விடத்தில் நம் அகப்பொருள் நூல்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. களவொழுக்கத்தைச் சொன்ன நம் முன்னோர், அது வெளிப்படும் வழியையும் வகுத்துவைத்தார்கள். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். அயலார் பெண் கேட்டு வரும் சமயமே அதற்கு ஏற்ற சமயங்களில் ஒன்று. வெரோனாவில் ஜூலியட்டுக்குத் தோழி இல்லை. செவிலி இருக்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும், தூது நடந்தவளே அவள்தான். ஆனால் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் அவள் சொல்வது என்ன? ரோமியோ இனித் திரும்பமாட்டான். பாரிஸ் அவனைவிட மேலான மாப்பிள்ளை. பேசாமல் பாரிஸையே மணந்துகொள் என்கிறாள்.

தாதி கெட்டவளல்லள். ஜூலியட்டுக்கு ஒத்த வயதான தன் மகளை இழந்தவள். இவளையே தன் மகளாக எண்ணிப் பாலூட்டியவள். குழந்தை சௌக்கியமாக இருந்தால் போதும் என்ற அன்பில்தான் அப்படிச் சொல்கிறாள். நாடகம் முழுவதிலும் நம் நெஞ்சை அதிகமாக உறுத்துவது இதுதான். அதன் பிறகு ஜூலியட் ஒருவரிடமும் மனம் விட்டுப் பேசுவதில்லை, பாதிரியார் ஒருவரைத் தவிர.

பாதிரியாரோ நல்லவர். இந்த விவாகத்தால் இரு குடும்பப் பகையும் தீரும் என்று நம்பியே நடத்திவைத்தார். ஆனால் தீர வேண்டிய பகையாளிகளுக்கு அதைச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. தூக்க மருந்தைக் கொடுத்துப் பெண்ணைக் கல்லறைக்கு அனுப்பும் துணிவு இருந்தது! விவரம் எழுதிய கடிதம் ரோமியோவிடம் போய்ச் சேரவில்லை. கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் வீட்டோடு அடைத்துவிட்டார்கள். 1592 முதல் சுமார் இரண்டு வருஷம் நோயினால் நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடந்ததைக் கண்ட லண்டன் ஜனங்களுக்கு அதை விளக்க வேண்டியிருந்திராது.

கடைசியில் கல்லறையில், பிணங்களுக்கு முன்னால், அதே பாதிரியார் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். சுமார் நாற்பது வரிகளில் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. நகரத்து அரசர் கோபிக்கவில்லை, மன்னித்துவிடுகிறார். தந்தைமார் இருவரும் கைகோத்துக்கொண்டு, ஒருவர் மற்றவர் பிள்ளைக்குப் பொற்சிலை வைப்பதாகப் போட்டி போடுகிறார்கள். பொன்னுக்கு அவ்வீடுகளில் எப்போதும் குறைவில்லை.

இந்த முறை வகுப்பில் அக்கேள்வி வந்தபோது நாம் பதில் சொல்லவில்லை. அந்தக் காட்சியைப் பாகம் பிரித்து உரக்கப் படிக்கச் சொன்னோம். தந்தையின் பாகத்தை ஏற்ற பெண் வெகு உற்சாகமாக அதட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். தாதியின் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. கேள்வி கேட்டவள் சற்று நேரம் புஸ்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரிடம் ஸார் சொல்லுவாள்?" என்றாள். மறுநாள் நான்காம் அங்கத்தை ஆரம்பித்தோம்.