முகத்தை வெட்டாத ரேசர்

இன்னும் விடியவில்லை. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். ஒரு கையில் கண்ணாடி. மறு கையில் ரேசர். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். மார்டள்ளியிலிருந்து கொள்ளேகாலுக்குக் கிளம்புகிற பலரும் இப்படித்தான் சவரம் செய்துகொள்கிறார்கள்.

அவசரத்தில் கன்னத்தில் ஒரு கீறல். தாடைக்குக் கீழே ஒரு வெட்டு. பேப்பரைக் கிழித்து ஒட்டிக்கொண்டு ஓடுகிறோம். "கை தவறிவிட்டது" என்கிறோம். கை மட்டுமா தவறியது? அந்த ரேசரையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போமா?

ரேசரில் மென்மையானது உண்டு. கடுமையானது உண்டு. இரண்டிலும் ஒரே பிளேடைத்தான் போடுகிறோம். ஒன்று முகத்தைத் தடவிக்கொண்டு போகிறது. இன்னொன்று கிழித்துவிடுகிறது. ஏன்?

உங்கள் ரேசரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் ரேசரைச் சொல்கிறேன். மேலே ஒரு மூடி. கீழே ஒரு தட்டு. நடுவில் பிளேடு. கைப்பிடியைத் திருகினால் மூன்றும் இறுகும். பிளேடு மெல்லியது. பத்து பிளேடை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் வரும். அதனால் இறுக்கும்போது அது லேசாக வளைந்து உட்காரும்.

அடித்தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஓரம்தான் காவல்காரன். பிளேடு போகும் வழியில் அது முன்னால் போகிறது. தோலை அமுக்கிச் சமமாக்குகிறது. பின்னால் வரும் பிளேடு முடியை மட்டும் வெட்டுகிறது. பிளேடின் கூர், மூடிக்கும் இந்த ஓரத்துக்கும் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு இருக்கிறது? ஓரத்துக்கும் கூருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? இவைதான் முக்கியம். கூர் அதிகம் நீட்டினால் ரேசர் கடுமையானது. இடைவெளி அகலமானால் தோல் அதற்குள் பிதுங்கும். அப்போது வெட்டும். கூர் குறைவாக நீட்டி, இடைவெளியும் சிறிதாக இருந்தால் அது மென்மையான ரேசர்.

கழற்றி மாற்றும் பிளேடு வருவதற்கு முன்னால் சவரக்கத்திதான். அதைப் பிடிக்கப் பழகிய கை வேண்டும். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தேய்ந்தால் தூக்கிப் போடும் மெல்லிய பிளேடை யோசித்தார். அதற்கு 1904-ல் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்திய வருஷம், 1903-ல், அவருடைய கம்பெனி விற்றது மொத்தம் 51 ரேசர்தான். பிறகு உலகமே அதை வாங்கியது.

அதே கம்பெனி நம் நாட்டில் ஒரு பாடம் படித்த கதை உண்டு. 2002-ல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசரைக் கொண்டு வந்தார்கள். முதலில் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். "நன்றாக இருக்கிறது" என்றார்கள் மாணவர்கள். இங்கே வந்தால் சரிப்படவில்லை. காரணம் என்ன தெரியுமா? அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ரேசரைக் காட்டினால் முடியெல்லாம் போய்விடுகிறது. இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். முடி உள்ளேயே அடைத்துக்கொண்டது.

பிறகு 2008-ல் ஆட்களை இங்கேயே அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய், ஆண்கள் சவரம் செய்வதை உட்கார்ந்து பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில், கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு செய்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. இவர்களுக்கு வழுவழுப்பைவிட வெட்டுப்படாமல் இருப்பதே பெரிய விஷயம் என்றும் தெரிந்தது. 2010-ல் ஒரே ஒரு பிளேடு வைத்த ரேசர் வந்தது. முகத்தில் படும் இடத்தில் சீப்பு மாதிரி ஒரு காவல். சுலபமாக அலசும்படி திறந்த அமைப்பு. ஆணியில் மாட்ட, கைப்பிடியில் ஓர் ஓட்டை. அன்றைக்கு அதன் விலை 15 ரூபாய். மாற்றுப் பிளேடு 5 ரூபாய். திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்!

நீங்கள் கடைக்குப் போகிறீர்கள்.

"அண்ணே, ஒரு ரேசர் குடுங்க."

"எது வேணும் தம்பி? எல்லாம் நல்ல ரேசர்தான்."

எல்லாம் நல்லதுதான் என்றால் நாம்தான் பார்த்து எடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். பிளேடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு தெரிகிறதா? ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் வேண்டாம். அதிகம் நீட்டும் பக்கம் வெட்டும். மலிவான ரேசர்களில் இந்தக் கோணல் அதிகம். மூடி ஆடக் கூடாது. திருகு மரை சுத்தமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கனமான உலோக ரேசர் நல்லது. அதன் கனமே வேலை செய்யும், நாம் அழுத்த வேண்டியதில்லை. சோப்புக் கையில் வழுக்காதபடி கைப்பிடியில் சொரசொரப்பு இருக்கட்டும். பெட்டியில் எம்.ஆர்.பி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் விலை அச்சடித்திருக்கும். அதைப் படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

"மென்மையான ரேசர் என்றால் பாதி முடி முகத்திலேயே நிற்குமே" என்று சிலர் சொல்வார்கள். நிற்காது. வழுவழுப்பைத் தருவது ரேசரின் கடுமை இல்லை. முடியை ஊற வைப்பதுதான்.

முடி பிளேடைவிட எத்தனையோ மடங்கு மென்மையானது. ஆனாலும் அந்த முடிதான் எஃகுப் பிளேடின் கூரை உடைக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிலையத்தில் இதை நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். முடி சாய்ந்து வளையும்போது கூரின் ஓரத்தில் துளித்துளியாகச் சில்லு பெயர்கிறதாம். காய்ந்த முடி இன்னும் விறைப்பு. தண்ணீர் குடித்த முடி மெதுவாகிவிடும். அதனால் முகத்தைக் கழுவி, இரண்டு மூன்று நிமிஷம் ஈரமாகவே வையுங்கள். வெந்நீர் இருந்தால் மிகவும் நல்லது. குளித்துவிட்டுச் செய்தாலும் சரி. பிறகு சோப்பை நன்றாக நுரைத்துத் தடவுங்கள். இந்த மூன்று நிமிஷத்துக்குத்தான் பலருக்குப் பொறுமை இல்லை. இருபது ரூபாய் கிரீம் வாங்கத் தயார், மூன்று நிமிஷம் காத்திருக்கத் தயாரில்லை.

இப்போது ரேசரின் மூடியைக் கன்னத்தில் படுக்க வையுங்கள். கைப்பிடி முகத்தை விட்டு விலகி நேராக நிற்கும். மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். முடி வெட்டும் 'சரக் சரக்' சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் சரியான சாய்வு. அழுத்த வேண்டாம். சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். முடி வளரும் திக்கிலேயே முதலில் போங்கள். கழுத்தில் முடி பல திக்கில் வளரும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். இன்னும் சுத்தம் வேண்டுமா? மறுபடி நுரை போட்டு, குறுக்காக ஒரு முறை போங்கள். எதிர்த் திக்கில் அழுத்தி இழுத்தால் முடி தோலுக்குக் கீழே வெட்டுப்படும். சுருட்டை முடிக்காரருக்கு அது வளரும்போது தோலுக்குள்ளேயே குத்தும். கழுத்தில் சின்னச் சின்னக் கட்டி வரும். அதைப் பரு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள்.

பிளேடு இழுத்துப் பிடித்தால் மாற்றிவிடுங்கள். தாடி கனத்தவருக்கு மூன்று நாளிலேயே மழுங்கும். பூஞ்சை முடிக்கு ஒரு வாரம்கூட வரும். கூரைத் துணியால் துடைக்காதீர்கள். அலசி, உதறி, காய வையுங்கள்.

வெட்டுக் காயத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? பல வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே ரேசர், ஒரே பிளேடு. "நம்ம வீட்டு ஆள்தானே" என்கிறோம். ஹெபடைட்டிஸ் பி என்று ஒரு நோய் இருக்கிறது. கல்லீரலைக் கெடுக்கும். அது ரத்தத்தின் வழியாகப் பரவும். நோய் இருப்பது பல வருஷம் அவருக்கே தெரியாது. பிளேடில் ஒட்டிய ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் போதும். காய்ந்த பிறகும் அந்தக் கிருமி குறைந்தது 7 நாள் வரை தொற்றும் சக்தியோடு இருக்கும். வெட்டுப்பட்ட இன்னொரு முகம் கிடைத்தால் உள்ளே நுழையும். ஆகவே ஆளுக்கு ஒரு ரேசர் வேண்டும். ரேசரை வாங்க முடியாவிட்டால் ஆளுக்கு ஒரு பிளேடாவது வேண்டும். பிளேடை மாற்றும்போது ரேசரையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடுகிறார்கள்.

சலூனிலும் கவனியுங்கள். பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டுவார்கள். உங்கள் கண் முன்னால் புதுப் பிளேடின் உறையைப் பிரிக்க வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். படிகாரக் கட்டி ஒன்றையே எல்லார் முகத்திலும் தேய்ப்பதும் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் சொந்தமாக ஒரு துண்டு படிகாரம் வைத்துக்கொள்ளலாம். சின்னக் கீறலின் ரத்தத்தை அது நிறுத்தும்.

பழைய பிளேடை என்ன செய்வது? கூரை ஓலையில் செருகி வைப்பார்கள். எருக்குழியில் வீசுவார்கள். எருவோடு அது வயலுக்குப் போகும். வெறுங்காலில் ஏறும். தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்கும் போகும். ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கத்தியால் கீறி, பிளேடு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள். டப்பா நிறையப் பல வருஷம் ஆகும். நிறைந்ததும் மூடியை ஒட்டி, பழைய இரும்பு வாங்குகிறவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.