பென்ஸின் அடிவயிறு: அன்றும் இன்றும்

ஜெர்மனியில் பனிக்காலம் தொடங்கியதும் லாரிகள் சாலையெங்கும் உப்பைத் தூவிக்கொண்டு போகும். பனி உறைந்து வண்டிகள் வழுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உப்பு கரைந்த அந்தச் சேற்றுநீரை டயர்கள் வாரி அடிப்பது காரின் அடிப்பாகத்தில். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். அதனால் வெறும் தண்ணீரைவிட வேகமாக இரும்பை அரிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், சாலை காய்ந்த பிறகும் தகட்டு மடிப்புக்குள் ஈரம் காயாது. உப்புச் சேறு அப்பிய காரைக் கதகதப்பான ஷெட்டில் நிறுத்தினால், வெளியே குளிரில் நிற்கும் காரைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் குளிர் துருவையும் மெதுவாக்கும் என்பதுதான் வேதியியல்.

இந்த உப்போடு அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வரும் சொகுசு கார்களில், பின்னாளில் இ-கிளாஸ் என்று பெயர் பெற்ற மெர்சிடிஸ் பென்ஸ் வரிசையின் கதை முக்கியமானது. அன்றைய பென்ஸிலும் துரு வந்தது, இன்றைய பென்ஸிலும் வருகிறது. வரும் இடம்தான் மாறிவிட்டது. தெருவில் போகிறவருக்கும் தெரிந்த துரு, இன்று சஸ்பென்ஷன் உட்காரும் இடத்துக்குப் போய், மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டது.

இந்த வரிசையில் 1976-ல் வந்த டபிள்யூ 123 மாடலை எடுத்துக்கொள்வோம். 1985-86 வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாராயின. ஜெர்மனியின் டாக்ஸி ஸ்டாண்டுகளில் வரிசையாக நின்றது இந்த வண்டிதான். ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று இன்று சிலாகிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: டபிள்யூ 123 நன்றாகவே துருப்பிடித்தது. சக்கர வளைவின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளிக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஃபெண்டர் இத்துப்போகும். கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடும் ஜாக்கி வைக்கும் இடமும் பொத்தலாகும். ஆனால் எல்லாமே கண்ணெதிரே நடந்தது. கொப்புளம் வந்த வாரமே வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். டிங்கரிங் கடையில் வெட்டி, தகடு வைத்து, வெல்டிங் போட்டு, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். அடியில் இருந்த சஸ்பென்ஷனும் எளிமையானது: முன்னால் மேலும் கீழும் ஆர்ம்கள், பின்னால் பக்கத்துக்கு ஒரு தடித்த ஆர்ம், நான்கு காயில் ஸ்பிரிங். எது தேய்ந்தாலும் கையால் ஆட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இதே கார் மொராக்கோவில் பல பத்தாண்டுகள் கிராண்ட் டாக்ஸியாக ஓடியது. ஆறு பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போனது. இரும்பு அதே இரும்புதான். அந்த நாட்டின் வறண்ட சாலைகளில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

1984-ன் இறுதியில் டபிள்யூ 124 வந்தது. பின்பக்கச் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனி லிங்க்குகள் பிடித்திருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறிய 190 காரில் பென்ஸ் அறிமுகப்படுத்திய அமைப்பு அது. குழியில் இறங்கினாலும் சக்கரம் தன் கோணத்தை விடாமல் தரையைப் பிடித்தபடி போகும். அந்த ஓட்டத்தை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். நான் அறிந்தவரை சொகுசு என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான பொருள் கொடுத்த கார் குறைவு. ஆனால் ஐந்து லிங்க் என்றால் ஒவ்வொன்றின் இரு முனையிலும் ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ உண்டு. வயதானால் தேய்கிற இடங்கள் பெருகிவிட்டன.

இதே காரில்தான் துரு ஒளியவும் தொடங்கியது. 1989-ல் முகம் மாற்றி வந்தபோது, கதவுகளின் கீழ்ப்பாதியை அகலமான பிளாஸ்டிக் பலகைகள் மூடின. வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோவின் பெயரால் ஜெர்மானியர்கள் இவற்றை ‘சாக்கோ பலகை’ என்று அழைத்தார்கள். பார்க்க அழகு. கல் தெறித்தாலும் பெயின்ட் தப்பும். ஆனால் ஜாக்கி பாயின்ட்டும் சில் தகடும் அந்தப் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. மண்ணும் ஈரமும் உள்ளே தங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் டயர் மாற்ற ஜாக்கியை மாட்டும்போது தகடு நொறுங்கினால்தான் விஷயம் வெளிவரும்.

1995-ல் வந்த டபிள்யூ 210-ல் இந்தக் கதை முற்றியது. நான்கு வட்ட ஹெட்லைட் வைத்த அந்த இ-கிளாஸ் நம்மூர்க்காரர்களுக்கும் நன்றாக நினைவிருக்கும். அதன் முன்சக்கர அறைக்குள் கையை விட்டு மேலே தடவினால், காயில் ஸ்பிரிங்கின் தலை ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் அமர்ந்திருப்பது தட்டுப்படும். காரின் முன்பாரம் இறங்குவது அந்தக் கிண்ணத்தின் மேல்தான். அதை உள்பக்க ஃபெண்டர் தகட்டோடு ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்து, சேர்ந்த விளிம்பில் சீலன்ட் பூசியிருந்தார்கள். புதிதில் எல்லாம் சரி. ஆண்டுகள் போனதும் சீலன்ட் காய்ந்து மயிரிழை அளவுக்கு விரியும். அந்த விரிசல் வழியாக உப்புநீர் உள்ளே நுழையும். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. நீரைத் தடுக்கப் பூசிய சீலன்ட்டே அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. இரண்டு தகட்டையும் நடுவிலிருந்து நெம்பி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கறுத்த சீலன்ட் ஒழுங்காகவே தெரியும், கரையான் அரித்த கதவில் பெயின்ட் மட்டும் நிற்பதைப் போல. பிறகு ஒருநாள் கிண்ணம் மொத்தமாகப் பிய்ந்துகொள்ளும். ஸ்பிரிங் மேலே பாய, அந்த மூலையில் கார் டயரின் மேலேயே உட்கார்ந்துவிடும். நிறுத்துமிடத்தில் நடந்தால் செலவோடு போகும். வேகச்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. துருவைத் தடுக்கும் வித்தை அப்போது யாருக்கும் தெரியாத ரகசியமா? 1970-களின் நடுவிலேயே போர்ஷே தன் 911-ன் கூட்டைத் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யத் தொடங்கிவிட்டது. 1980-களின் நடுவில் ஆடி 100-ன் முழுக்கூடும் அப்படி மாறியது. துத்தநாகம் இரும்புக்கு முன் தான் அரிபட்டு, இரும்பைக் காக்கும். பெயின்ட் கீறினாலும் காவல் நிற்கும். பத்து ஆண்டுகள் கழித்து வந்த டபிள்யூ 210-ல், பாரம் தாங்கும் இடத்திலேயே அந்தக் காவல் போதவில்லை. 1989-ல் லெக்ஸஸ் எல்எஸ் 400 குறைந்த விலையில் வந்து எல்லாரையும் திகைக்க வைத்த பிறகு, பென்ஸ் செலவைப் பார்த்துப் பார்த்துக் கார் செய்யத் தொடங்கிய காலம் அது. தண்ணீரில் கரைத்த புதுவகை பெயின்ட்தான் காரணம் என்று பழி போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கிண்ணத்தைப் பொறுத்தவரை மடிப்பையும் சீலன்ட்டையும்தான் நான் குற்றம் சொல்வேன்.

இன்றைக்கு வருவோம். 2002-ல் வந்த டபிள்யூ 211-ல் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். அதற்குப் பிறகு வந்தவற்றில் துத்தநாகக் காவலும் நன்றாகத் தேறிவிட்டது. பத்து வயதுப் பென்ஸின் கதவோரத்தில் கொப்புளம் பார்ப்பது அரிது. இதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அடியில் போனால் வேறு காட்சி. 2007-ல் வந்த சி-கிளாஸ் டபிள்யூ 204-ன் பின் சப்ஃபிரேம் உள்ளீடற்ற இரும்புச் சட்டம். பின் லிங்க்குகள் எல்லாம் அதில்தான் மாட்டியிருக்கின்றன. உப்புநீர் உள்ளே புகுந்து தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. மேலே கறுப்பு பெயின்ட் பெரிதாகக் கெடாமல் இருக்கும்; ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில் இது பெரிய வழக்காகவே ஆனது. காயில் ஸ்பிரிங்குகளும் அப்படித்தான். அடிச்சுற்று சேறு தேங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேல்பூச்சை ஒரு கல் பெயர்த்தால் போதும், அங்கே துரு குழி பறித்து, ஒரு குளிர்காலக் காலையில் ‘டங்’ என்று ஒடியும்.

ஏர் சஸ்பென்ஷன் கதை தனி. பென்ஸ் 1960-களிலேயே அதைச் செய்தது. 1998-ல் எஸ்-கிளாஸ் டபிள்யூ 220-ல் ஏர்மேட்டிக் என்ற பெயரில் பரவலாக்கியது. துருப்பிடிக்க அங்கே ஸ்பிரிங் இல்லை, காற்று நிரம்பிய ரப்பர் பை உண்டு. மடிந்து மடிந்து ரப்பர் வெடித்தால் ராத்திரியில் காற்றுக் கசிந்து, காலையில் ஒருபக்கம் கார் படுத்திருக்கும். அதைத் தூக்க கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். பையை மட்டும் உடனே மாற்றியிருந்தால் பாதிச் செலவோடு முடிந்திருக்கும்.

இவை அனைத்தையும் மறைப்பது அடிப்பாகத்தை மூடும் பிளாஸ்டிக் தட்டுகள். காற்று தடையின்றி வழிந்தோடி எரிபொருள் மிச்சமாவதற்காக வைத்தவை. நல்ல நோக்கம்தான். ஆனால் அன்று ஜாக்கி போட்டுக் குனிந்தவருக்குத் தெரிந்தது, இன்று லிஃப்டில் ஏற்றியவருக்கும் தெரியாது. தட்டைக் கழற்ற வேண்டும். பிரிட்டனில் மூன்று வயதான கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம். சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் தேறாது. துரு எங்கே ஆபத்து என்பதை இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த விதியை நான் மெச்சுகிறேன். ஆனால் அங்கும் பரிசோதகர் மூடிகளைக் கழற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் சோதிக்கிறார்.

நம் நாட்டில் 1995-ல் புனேயில் டபிள்யூ 124 பூட்டத் தொடங்கினார்கள்; டபிள்யூ 210-ம் அங்கிருந்தே வந்தது. நம் சாலையில் உப்பு இல்லை. கடற்கரை ஊர்களின் காற்றில் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் சில்லுக்குள் சேறும் உண்டு. தனியார் கார்களை 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டுகிறோம். அதுவரை பார்ப்பது நம் பொறுப்பு.

பழைய சொகுசு கார் இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோல் சீட்டையும் மரப்பலகையையும் பிறகு ரசிக்கலாம். முதலில் லிஃப்டில் ஏற்றி, அடித்தட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். முன் ஸ்பிரிங் தலை, பின் சப்ஃபிரேம், ஜாக்கி பாயின்ட் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள், சிறு சுத்தியால் தட்டுங்கள். கெட்டித் தகடு ‘ணங்’ என்னும். இத்துப்போனது ‘பொத்’ என்னும். புதிதாகக் கறுப்பு அண்டர் கோட்டிங் பளபளவென்று அடித்திருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தைப் பூட்டிவைக்கும், சில்லின் வடிகால் துளைகளையும் அடைக்கும். ஏர் சஸ்பென்ஷன் காரென்றால் ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். விற்பவர் தட்டைக் கழற்ற மறுத்தால், அந்தக் காரை வாங்காதீர்கள்.