15 படுக்கைகளோடு ஒரு பெருமாள் கோயில்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்துக்கு அருகே, பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள சிற்றூர். இங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் பல்லவர் காலத்திலேயே இருந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட நிருபதுங்கவர்மனின் கல்வெட்டே அதற்குச் சான்று.

ஆனால் இக்கோயிலின் பெயரை மருத்துவ வரலாற்றில் பொறித்தது, வீரராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. ஏறத்தாழ 1069-இல், மதில் சுவரில் 55 வரிகளில் வெட்டப்பட்டது. கோயிலுக்கு வரும் வருவாய் எதெதற்கு, எவ்வளவு செலவாக வேண்டும் என்று நாழி, கலம் என்ற பழைய முகத்தல் அளவுகளில் பேசுகிறது அது.

பூசைக்கும் திருவிழாவுக்கும் ஒதுக்கியது போக, அந்த வருவாயில் வேதமும் வியாகரணமும் (இலக்கணம்) கற்பிக்கும் கல்லூரி ஒன்று கோயிலின் ஜனநாத மண்டபத்தில் நடந்தது. மாணவர்களுக்கு உணவு, படுக்கப் பாய், இரவு விளக்கு, சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் வரை கோயிலே கொடுத்தது.

அதோடு, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து வர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. நோயாளிகள் கிடக்கும் இடத்தில் இரவு முழுக்க விளக்கெரிய எண்ணெயும் மறக்கப்படவில்லை.

இந்தக் கல்வியும் மருத்துவமும் ஊரார் அனைவருக்குமானவை அல்ல. கல்லூரி மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமே முதன்மையாக உரியவை. அந்தக் காலத்தின் எல்லை அது. ஆயினும் தன்னிடம் வேலை செய்பவர் நோயுற்றால் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று ஒரு நிறுவனம் கல்லில் எழுதிக் கையொப்பமிட்டது, இன்றைய முதலாளிகளும் படிக்க வேண்டிய பாடம்.

பொங்கலையொட்டி நடக்கும் பார்வேட்டைத் திருவிழாவுக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பாலாற்றைக் கடந்து இங்கே எழுந்தருளும்போது கூட்டம் அலைமோதும். கூட்டமில்லாத நாளிலும் ஒருமுறை வாருங்கள். சுற்றுவட்டார ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை அந்தக் கல்வெட்டுச் சுவரின் முன் நிறுத்தி எழுத்துக் கூட்டிப் படிக்க வையுங்கள். எண்ணெயோ சுண்ணாம்போ அதன்மேல் படாமல் காப்பது நம் எல்லோரின் பொறுப்பு.