உங்களை ஓட்டுவது யார் தெரியுமா?

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். விலா, உள்ளங்கால், எங்கே வேண்டுமானாலும்! சிரிப்பு வரவே வராது. அதே இடத்தில் தம்பி விரல் வைத்தால் துள்ளிக் குதிப்பீர்கள். ஏன் தெரியுமா? உங்கள் விரல் எங்கே படும், எப்படி இருக்கும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. தெரிந்த சங்கதிக்கு எதற்குச் சிரிப்பு என்று உணர்ச்சியை அடக்கிவிடுகிறது. உங்களை ஒரு வார்த்தை கேட்டதா? இல்லை! மூளை இன்னும் என்னென்ன செய்கிறது என்று பார்ப்போமா?

பந்தியில் யார் பெருந்தீனிக்காரர் தெரியுமா?

ஐம்பது பேர் உட்கார்ந்த பந்தியில் ஒரே ஆள் பத்துப் பேர் சாப்பாட்டைக் காலி செய்தால் எப்படி இருக்கும்? அதுதான் மூளை! உடல் எடையில் சுமார் 2 சதவீதம். உடல் செலவிடும் சக்தியிலோ சுமார் 20 சதவீதம். நீங்கள் தூங்கினாலும் அதன் பசி அடங்காது. சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டுமே!

மண்டையைக் கம்பி துளைத்தும் பேசியவரைத் தெரியுமா?

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். ரயில் பாதைக்காகப் பாறையைத் தகர்க்கும் ஆட்களுக்கு மேஸ்திரி, பினியாஸ் கேஜ். வயது 25. பாறைத் துளையில் வெடிமருந்தைக் கம்பியால் கிட்டித்துக்கொண்டிருந்தபோது தீப்பொறி! மூன்றரை அடி நீளம், 6 கிலோ எடையுள்ள அந்த இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலையைப் பிளந்துகொண்டு பறந்தது. செத்தாரா? சில நிமிடங்களில் பேசினார்! மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குள் போனார்!

உயிர் பிழைத்தது, குணம் மாறிவிட்டது. பொறுப்பான மேஸ்திரி என்று பெயர் எடுத்தவர் பொறுமை இழந்தார், கெட்ட வார்த்தை பேசினார், போட்ட திட்டத்தை மறு நிமிடமே கைவிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார், அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஜான் ஹார்லோ. கம்பி சிதைத்தது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை. "கொஞ்சம் பொறு, யோசி" என்று நம்மைப் பிடித்து நிறுத்தும் பகுதி அது. அது முழுசாக முதிர்வதற்குள் வயது 25-ஐ ஒட்டி ஆகிவிடும். வீட்டுப் பிள்ளை பைக்கில் பறப்பதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

பாம்பைக் கண்டும் பயப்படாத பெண்ணைத் தெரியுமா?

காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் இரண்டு அமிக்டலாக்கள் உண்டு. அபாய மணி அடிப்பவை இவைதாம். அரிய நோய் ஒன்றால் இவ்விரண்டையும் இழந்த அமெரிக்கப் பெண் ஒருவரை ஆய்வாளர்கள் 'எஸ்.எம்.' என்று அழைக்கிறார்கள். பாம்பைக் கையில் ஏந்தினார். பேய் வீட்டுக்குள் சிரித்தபடி நடந்தார். பயமே கிடையாதா? அங்கேதான் திருப்பம்! 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றை முகர வைத்ததும் அலறிப் போனார். மூச்சு முட்டும் பயத்துக்கு வேறு வாசலும் இருக்கிறது!

நினைவில்லாமலே கற்க முடியும், தெரியுமா?

தீராத வலிப்புக்காக 1953-ல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கடற்குதிரை வடிவ ஹிப்போகேம்பஸின் கணிசமான பகுதியை இருபுறமும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. பேசிவிட்டுப் போன ஆள் திரும்பி வந்தால் முன்பின் தெரியாதவர்! 2008-ல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள் இப்படியே. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார் ஆய்வாளர் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்ததே ஞாபகம் இல்லை. கைக்கு மட்டும் தெரிந்திருந்தது! சைக்கிள் ஓட்டும் பழக்கமும் பிறந்தநாள் நினைவும் மூளையில் ஒரே பெட்டியில் இல்லை என்று உலகம் அன்று கற்றது.

இல்லாத கை வலிக்கும், தெரியுமா?

கையை இழந்தவர்களில் பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றும், வலிக்கவும் வலிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் அப்படி ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரல்களில் யாரோ தொட்டது போல இருந்தது கையை இழந்தவருக்கு! காரணம்? மூளையின் வரைபடத்தில் கையும் முகமும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பெட்டிக்குள் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கைபோலக் காட்டினார் ராமச்சந்திரன். சிலருக்கு வலி குறைந்தது!

ஓட்டுவது மூளை மட்டுமா?

லண்டனில் டாக்சி உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்தார் ஆய்வாளர் எலினார் மக்வயர். அவர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்று 2000-ல் அறிவித்தார். ஒரே தடத்தில் போய்வரும் பஸ் ஓட்டுநர்களிடம் அப்படி இல்லை! மூளை மனிதனை ஓட்டுகிறது, சரி. மனிதன் ஓட்ட ஓட்ட மூளையும் மாறுகிறது!

நம் கேஜ் என்ன ஆனார் தெரியுமா? சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் கோச்சு வண்டியை ஓட்டினார். கடிவாளம், பயணிகள், நேரக்கணக்கு எல்லாம் அவர் கையில். கடைசிவரை முரடராகவே திரிந்தார் என்ற கதையை ஆய்வாளர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை. பிடித்து நிறுத்தும் பகுதியை இழந்த மனிதர், குதிரைகளை இழுத்துப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்!