யார் செய்த பாவம்?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் இயேசுவிடம் கேட்டது, அவருக்கு என்ன உதவி தேவை என்பதல்ல. இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்றே கேட்டார்கள். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் அந்தக் கேள்வியை நாம் இன்றும் விடவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை திருப்பலி நடுவே சத்தமிட்டால், வாயால் கேட்காவிட்டாலும் பார்வையால் அந்தத் தாயிடம் கேட்கிறோம்.

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல, பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. பேசுவது, பிறரோடு பழகுவது, ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் தாங்கிக்கொள்வது ஆகியவற்றில் அது வெளிப்படும். 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதினார்.

அதன்பின் மருத்துவ உலகமே சீடர்களின் தவற்றைச் செய்தது. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்டு, 1964-இல் எழுதிய நூலில் அதை மறுத்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று வாதிட்டார். இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவு. ஆகவே, "நீ சரியாக வளர்க்கவில்லை" என்று எந்த மாமியாரும் எந்த மருமகளிடமும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது தடுப்பூசி. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையால் இந்த அச்சம் பரவியது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வும் தொடர்பு இல்லை என்றே காட்டியது. 2017-இல் நம் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பித் தயங்கிய பெற்றோரை நாம் மறக்கவில்லை.

செய்வினை, பேய் என்பார்கள். பிள்ளைக்காகச் செபியுங்கள், ஆசீர் பெற அழைத்து வாருங்கள். ஆனால் பேயோட்டுகிறோம் என்று அடிப்பவர்களிடமும் பட்டினி போடுபவர்களிடமும் ஒப்படைக்காதீர்கள். முழுவதும் குணமாக்கும் மருந்து என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம்.

"அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருப்பதும் தவறு. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் விரலால் எதையும் சுட்டிக் காட்டாவிட்டால், மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். நமக்கு அது கடலூர். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்றுள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை பெறுவது அவமானமல்ல, உரிமை.

பேசாத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்பது இன்னொரு தப்பெண்ணம். இங்கே பங்குத்தந்தையராகிய நாமும் மறைக்கல்வி ஆசிரியர்களும் நெஞ்சில் கைவைக்க வேண்டும். மன்றாட்டுகளை ஒப்பிக்கத் தெரியவில்லை என்று எத்தனை பிள்ளைகளுக்குப் புதுநன்மையைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்! திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2007-இல் நற்கருணை பற்றி எழுதிய மடலில், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கும் இயன்றவரை நற்கருணை வழங்கப்பட வேண்டும் என்றும், குடும்பத்தின், திருச்சபையின் நம்பிக்கையிலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்றும் விளக்கினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மட்டும் கதவை எப்படி அடைப்பது?

2018 நவம்பர் 28 அன்று வத்திக்கானில் புதன் மறைக்கல்வி நடந்துகொண்டிருந்தபோது, பேச இயலாத சிறுவன் ஒருவன் மேடைக்கு ஓடி, காவலரின் கையைப் பிடித்து விளையாடினான். தாய் பதறி ஓடிவந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் அவனை அங்கேயே விளையாட விட்டார். பேச முடியாவிட்டாலும் தன்னை வெளிப்படுத்த அவனுக்குத் தெரிகிறது என்றும், கடவுள் முன் நாம் அவனைப்போல் விடுதலையோடு இருக்கிறோமா என்றும் மக்களிடம் கேட்டார்.

நம் கோவிலில் அப்படி ஒரு பிள்ளை பீடத்தை நோக்கி ஓடினால் நாம் என்ன செய்வோம்? அந்தக் குடும்பத்துக்கு வெளியே போக எளிதாக, கதவோரம் ஓர் இருக்கையை விட்டுவைப்போம். திருவிழா வேட்டும் ஒலிபெருக்கியும் தொடங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வோம். அன்பியக் கூட்டத்தை ஒரு மாதம் அவர்கள் வீட்டில் வைப்போம்.

இவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றே ஆண்டவர் விடை தந்தார். கடவுளின் செயல் அந்த மனிதரில் வெளிப்பட வேண்டும் என்றார். அது நம் கைகள் வழியாகவும் வெளிப்படட்டும். ஆமென்.