தானே பேசும் வானொலி

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகாமலே, குறித்த நேரத்தில் நமக்கு வேண்டிய நிகழ்ச்சி வீட்டில் ஒலிக்க வேண்டும். முடிந்ததும் தானே அடங்க வேண்டும். "அலாரம் வைத்த வானொலிப் பெட்டிகள் இந்த வேலையை என்றோ செய்தனவே!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதே வேலையை, இணையவழி ஒலிபரப்பைப் பெறும் ஒரு வீட்டுக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தால், கடிகாரம் மிகச் சரியாக இருந்தும் நிகழ்ச்சியின் வால் அறுந்துபோகிறது. இதன் காரணம் என்ன?

இலண்டனில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி.யின் 'ரேடியோ 4' நிலையத்தில் வரும் 'டுடே' என்னும் செய்தி நிகழ்ச்சி 1957ஆம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6 மணிக்குத் தொடங்கும். சனிக்கிழமை 7 மணிக்கு. முடிவது 9 மணிக்கு.

இதைக் கணிப்பொறிக்கு எப்படிச் சொல்வது? யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் 'கிரான்' என்றொரு காவலாளி உண்டு. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் பட்டியலைப் பார்க்கும். வேலை இருந்தால் ஏவிவிட்டு மறுபடி உறங்கிவிடும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து குறிகள் இருக்கும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள். நம் நிகழ்ச்சிக்கு இரண்டே வரிகள் போதும்:

0 6 * * 1-5
0 7 * * 6

இக்குறிகளை அடுத்து, ஒலிபரப்பின் இணைய முகவரியைத் திறந்து ஒலிக்கச் செய்யும்படி ஒரு கட்டளையை எழுத வேண்டும். ஒலிக்கும் வேலையை 'வி.எல்.சி.' போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும். (இது 1996இல் பாரிஸுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கியது!) திங்கள் முதல் வெள்ளி வரைக்கான வரியில், மூன்று மணி நேரம், அதாவது 10,800 விநாடி ஆனதும் நிறுத்து என்றும் சேர்த்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது: 6 மணிக்குக் கணிப்பொறி உறக்க நிலையில் இருந்தால் கிரானும் உறங்கும், அன்றைய நிகழ்ச்சி போனது போனதுதான்.

கணிப்பொறியின் கடிகாரத்தை நம்பலாமா? அதனுள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உள்ளது. இந்த எண் 2இன் 15ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை இருந்தாலும் ஒரு நாளில் சுமார் 1.7 விநாடி பிசகும். அதையும் இணையம் வழியே அணுக்கடிகாரங்களோடு ஒப்பிட்டுத் திருத்தும் முறை 1985 முதல் உள்ளது. ஆகவே குற்றம் கடிகாரத்தின் மீது இல்லை.

தாமதம் வழியில் நேர்கிறது. மின்காந்த அலை ஒரு விநாடியில் 3 இலட்சம் கி.மீ. செல்லும், 300 கி.மீ. தொலைவிலுள்ள வானொலிப் பெட்டியை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் எட்டிவிடும். இணையவழி ஒலிபரப்பு அப்படியன்று. ஒலியை எண்களாக மாற்றி, ஆறேழு விநாடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒரு துண்டு நிறைவடையும் வரை அதை அனுப்ப இயலாது. பெறும் கணிப்பொறியோ, இடையில் தடங்கல் வந்தால் சமாளிக்க இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வாய் திறக்கும். கூட்டிப் பாருங்கள்: அரை நிமிடம் வரை தாமதமாவது சர்வ சாதாரணம்.

பழைய இயற்பியல் புதிர் ஒன்று நினைவுக்கு வருகிறது. இலண்டனின் பிக் பென் மணியோசையை பி.பி.சி. 1923 டிசம்பர் 31 நள்ளிரவில் முதன்முதலாக ஒலிபரப்பியது. கோபுரத்திலிருந்து 170 மீட்டர் தள்றி நிற்பவருக்கு ஓசை காற்றின் வழியே வர அரை விநாடி ஆகும், 300 கி.மீ. அப்பால் வானொலி கேட்பவர் அவரை முந்திவிடுவார். இணையத்தில் கேட்பவர் முந்த முடியாது. தெருவில் நிற்பவர் மணியோசை கேட்டு, நடையைக் கட்டிய பின்னர்தான் அவருக்கு அது கேட்கும்.

இனி, அறுந்த வாலுக்கு வருவோம். சரியாக 6 மணிக்குத் தொடங்கினால் முந்தைய நிகழ்ச்சியின் கடைசி அரை நிமிடம் காதில் விழும், அதனால் நட்டமில்லை. 9 மணிக்கு நிறுத்தினால் 'டுடே'யின் இறுதி அரை நிமிடம் பறிபோகும். எனவே தொடக்கத்தைத் தொடாமல் முடிவை மட்டும் 10,860 விநாடியாக்குவதே மேல் என்பது என் கருத்து.

பிரிட்டனில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அதிகாலை 1 மணி உடனே 2 மணியாகிவிடும். அன்று 1:30 என்ற நேரமே கிடையாது! அக்டோபர் கடைசி ஞாயிறில் 2 மணி மீண்டும் 1 மணியாகும். 1:30 இருமுறை வரும். கிரானின் பல வடிவங்கள், விடுபட்ட வேலையைச் சற்றுப் பின்னர் செய்தும், இரண்டாம் முறையைத் தவிர்த்தும் இதைச் சமாளிக்கின்றன. நம் நாட்டுக் கடிகாரம் மாறுவதில்லை என்பதால், 'டுடே' இங்கே கோடையில் காலை 10:30க்கும் குளிர்காலத்தில் 11:30க்கும் தொடங்கும்.

தாமதத்தை நீங்களே அளக்கலாம். ஆகாசவாணியின் ஒரே நிலையத்தைச் சாதாரண வானொலிப் பெட்டியிலும் கைப்பேசியில் இணையம் வழியாகவும் ஒருசேர வையுங்கள். செய்தியில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது இரண்டாம் முறை கேட்கும் வரை எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். பிறகு கைப்பேசியில் ஒலிபரப்பை நிறுத்தி, மறுபடி தொடங்கி அளவெடுங்கள். அதே விடை வருகிறதா?